பச்சைப் பூச்சுக்குக் கீழே

தேற்றாத்தீவு,
2010 பங்குனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களை வைத்திருக்கிற புனர்வாழ்வு முகாமில் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். அதனால் கோயில் புதினம், வீட்டுச் சேதி மட்டும் எழுதுறன்.

சுனாமியில் அப்பாவைக் கடல் கொண்டுபோன அன்று, கோயிலில் இருந்த மரத் திருக்கல்யாணச் சிற்பமும் உப்புத்தண்ணியில் ஊறினதுதானே? இப்ப பூச்சு செதில்செதிலாகக் கழருது. கல்லாற்றுத் தச்சர் அன்ரோ மாமா திருத்துறார், நானும் கூட நிற்கிறன். "தண்ணி படாம பாருங்க மகள், மரம் வெடிச்சிரும்" என்று சொல்லி, பூச்சைக் கரைக்கிற தின்னரைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைக்கப் பழக்கினார்.

சிவனுக்கு அம்மனைத் தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாள், அம்மனுக்கு அண்ணன்தானே? அவருடைய பச்சைப் பூச்சைத் துடைத்தால் கீழே வேறொரு முகம்! உதட்டை இறுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் தங்கச்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இவர் சிரிக்கிறாரா, அழுறாரா மாமா?" என்று கேட்டன்.

"என்ட தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த அன்று எனக்கே அது விளங்கல்ல, மகள்" என்றார்.

செதுக்கினவருக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்குமோ அண்ணா?

நேற்று எனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார் வந்து, சித்திரையில் நாள் வைப்பமா என்று கேட்டார்கள். பெரியப்பா தாரை வார்ப்பாராம். நான் மாட்டன் என்று சொல்லிற்றன். மாப்பிள்ளைதான், "அண்ணன் வரட்டும், அதுவரை இருப்பம்" என்றார்.

இப்படிக்கு,
உங்கட தங்கச்சி