தார்ரோட்டுக் களம்

ஜனவரி 20, திங்கள்

அங்கன்வாடித் தரையில் கோலமாவால் ரோடு போட்டேன். சாலைப் பாதுகாப்புப் பாடமாம். எல்லாப் பிள்ளைகளும் லாரியாகத்தான் இருப்பார்களாம். நடந்துபோக ஆளே இல்லை. கடைசியில் நானே நடந்தேன். சனோபர் வந்து முட்டிவிட்டு, "நான் பிரேக் இல்லாத லாரி டீச்சர்" என்றாள். நாலு வயசுக்கு வாயைப் பார்!

ஜனவரி 22, புதன்

நில், ரெண்டு பக்கமும் பார், பெரியவங்க கையைப் பிடி. ஒப்பித்துவிட்டார்கள். ரோடு வண்டிக்குத்தான் என்றேன். பாண்டீஸ்வரன் எழுந்தான்.

"பெறகு எங்கம்மா ஏன் ரோட்ல உக்காந்திருக்கு?"

எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே, பந்தல்குடி ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காய்கிறது. அவன் அம்மா மாரீஸ்வரி சுற்றிலும் கல் வைத்துவிட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். அறுப்புக் காலத்தில் ஊருக்கே ரோடுதான் களம்.

ஜனவரி 23, வியாழன்

மதியம் கதவு திறந்திருந்த நேரம் பாண்டி அம்மாவைப் பார்த்து ஓடிவிட்டான். நிற்கவுமில்லை, பார்க்கவுமில்லை. லாரி போட்ட பிரேக்கில் சோளம் சிதறியது. டிரைவர் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. சாமி, சாமி.

"ஏன்டா ஓடுன?"

"அது ரோடு இல்ல டீச்சர். எங்க களம்."

நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்?

ஜனவரி 24, வெள்ளி

மாரீஸ்வரியிடம் பேசினேன். அழுதுகொண்டேதான் கேட்டாள்: "வேற எங்க போட டீச்சர்? எங்க வாசலு பத்தாது. ஈரத்தோட கொண்டுபோனா யாவாரி வாங்கமாட்டாக."

நியாயம்தான். பிள்ளைக்குப் பாடம் சொன்னால் மட்டும் போதாது, சோளத்துக்கும் இடம் வேண்டும். எங்கள் அங்கன்வாடி முற்றம் சிமெண்டுத் தளம், சுற்றிச் சுவர், நல்ல வெயில். உதவியாளர் கோகிலாம்பாள் அக்காவிடம் யோசனையைச் சொன்னேன்.

"சூப்பர்வைசர் மேடம் வந்தாகன்னா, உன்னயத்தான் காயப்போடுவாக" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

சோளம் உள்ளே வந்துவிட்டது. கோழி விரட்டுவது யார் என்று அடிதடி. லாரியாக இருக்க இன்று ஆளில்லை!

பிப்ரவரி 4, செவ்வாய்

சூப்பர்வைசர் மேடம் சொல்லாமல் வந்து நின்றார். "என்ன ரேணுகாதேவி, இது அங்கன்வாடியா, களமா?"

பாண்டி முந்திக்கொண்டான். "இது களம் மேடம். அங்கிட்டு இருக்கதுதான் ரோடு. தனியா போகக்கூடாது."

மேடம் திரும்பிப் பார்த்தார். லாரிகள் முழு ரோட்டிலும் போய்க்கொண்டிருந்தன. மாரீஸ்வரி ஓரமாக நின்று, வழி விடட்டும் என்று காத்திருந்தாள். மேடம் குனிந்து ஒரு சோளமணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றார்.