படையல் அறையில் தெர்மல் குழாய்

இன்று காலை உன் தெர்மல் குழாயை, இருட்டிலும் சூட்டைக் காட்டும் அந்தத் தொலைநோக்கியை, சார்ஜில் போட எடுத்தேன். கண்ணில் பதிக்கும் ரப்பர் வளையத்தில் இன்னும் உன் தலைவலித் தைலம் மணக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்தேன். வாசம் புருவத்தில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. நான் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் ஏறிய வாண்டு ஒன்று, "அங்கிள் மேல இன்னைக்கு வேற யாரோ வாசம் வருது" என்றது. சிரித்துவிட்டேன்.

இதை வாங்கிய அன்று, பிறந்த குழந்தையைப் போல் துண்டில் சுற்றி, பீடோங் பட்டணத்தில் நாம் தேத்தண்ணி குடிக்கும் ஒட்டுக்கடைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாய்.

"இதுல பாரு. மரம், மண்ணு எல்லாம் கறுப்பு. உசிரு மட்டும் வெள்ளை."

"அப்ப என் ரொட்டி சானாய் ஏன்டா வெள்ளையா தெரியுது?"

"சூடா இருந்தா எல்லாம் வெள்ளைதான்லா. உனக்குத் திங்கிறதுலதான் புத்தி."

மூன்றாம் படிவத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர்கள் நாம் இருவரும். குழாயோடு வந்த கையேட்டை என் மகளிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னோம். அவள் பாதி படிப்பதற்குள், "போதும்மா, மத்ததைப் பார்த்துப் பழகிக்கிறோம்" என்று நீயே அதை மூடிவிட்டாய். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. துப்பாக்கியும் லைசென்ஸும் தோட்ட முதலாளி தவுக்கேயிடம். குழாய் உன்னிடம். என்னிடம் வாய். நீ குழாயை வலக்கையால் உயர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு காலைச் சற்று மடக்கி நிற்பாய். நிழலைப் பார்த்தே நீதான் என்று சொல்லிவிடலாம். உன்னைப் பார்த்துப் பார்த்து நானும் அப்படியே நிற்கப் பழகிவிட்டேன்.

"வெள்ளை தெரிஞ்சதும் கத்தாத. என்ன உசிருன்னு தெரியிற வரைக்கும் பொறு" என்பாய். முதல் நாளே குழாயை வாங்கிக் கண்ணில் வைத்ததும் கத்தினேன்.

"பன்னி! பெரிய பன்னி!"

தவுக்கே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நீ குழாயைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அவர் கையை அழுத்திக் கீழே இறக்கினாய்.

"அது பால் குடுக்குற பன்னிடா. ஆபீசுக் கிராணி வீட்டு மாடு."

அதன்பிறகு வெகுநாள் பீடோங்கில் ஒருவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'பால்பன்னி' என்றார்கள். அந்தப் பேரைக் கட்டிவிட்டதும் நீதான்.

கடைசி நாள் சாயங்காலம் நாம் இருவர் மட்டும் போனோம், பன்றிகள் எந்த வழியாக இறங்குகின்றன என்று பார்த்து வைக்க. வரும்போதே உன் முகம் சரியில்லை. எந்நேரமும் குழாயும் கையுமாக இருக்கிறாய் என்று உன் மனைவி கத்தியிருக்கிறாள். நீ தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பியிருக்கிறாய்.

"சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம்லடா."

"மூடி வச்சிருப்பா. போனதும் உக்காந்து சாப்பிட்டேன்னா சண்டை முடிஞ்சது. எங்க வீட்டுல அதான் சட்டம்."

கால்வாய்க் கரையில் உட்கார்ந்தோம். குழாய் என் கையில் இருந்தது. விளையாட்டாக உன் பக்கம் திருப்பினேன். முகம் சாம்பலாகத் தெரிந்தது. விரல்கள் மண்ணோடு மண்ணாகக் கறுத்திருந்தன.

"டேய், உன் கை கறுப்பா தெரியுதுடா."

"பொறந்ததுலேருந்து கறுப்புதான். இப்பதான் கண்டுபிடிச்சியா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். மறுபடி எதிர்ப்பக்கம் பார்த்தேன். புதருக்குள் ஒரு பெரிய வெள்ளை, பின்னாலேயே சின்னச் சின்னதாக. "குட்டியும் இருக்குடா" என்றேன். நீ பதில் சொல்லவில்லை. திரும்பியபோது செம்பனையில் சாய்ந்திருந்தாய். இதயம் நின்றுபோய்விட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உன் கை அப்போதே ஜில்லிட்டுப் போயிருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருக்கிறேன்.

நீ சொன்னதை உன் மனைவியிடம் சொன்னேன். "வீட்டுக்குப் போனதும் சாப்பிடுவேன்னு சொன்னான் தங்கச்சி, அவனுக்குக் கோவமே இல்ல." அவள் நம்பவில்லை.

"என் ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணே. அவரு கோவத்தோடதான் போயிட்டாரு."

அன்றிலிருந்து தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். யார் கெஞ்சியும் சோற்றைத் தொடவில்லை. தட்டைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் படையல். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மேசையில் இலை போட்டுப் பரிமாறி, உன் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, விளக்கேற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். போனவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று வாசலில் காத்திருக்கும் நேரம். உன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து குழாயை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, இதுல உசிரு தெரியும்னு சொல்வாரே. சன்னல் வழியா ஒரு தடவை பாருங்க. சாப்பிட வந்தாரா இல்லையான்னு."

"தங்கச்சி, இது பன்னி பார்க்குற சாமான்மா."

"நீங்க எல்லாம் எனக்காகப் பொய் சொல்வீங்க. இது சொல்லாது. பாருங்க."

கண்ணாடிச் சன்னல் சாத்தியிருந்தது. அதற்கு எதிரே போய் நின்று குழாயை உயர்த்தினேன். உள்ளே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். வெள்ளையாக. வலக்கையால் எதையோ கண்ணுக்கு உயர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு காலைச் சற்று மடக்கி, நேராக என்னையே பார்த்துக்கொண்டு.

என் தொண்டையிலிருந்து வந்தது கூச்சலா ஊளையா தெரியாது. பின்னால் இருந்த பூச்சட்டிமேல் உட்கார்ந்து அதையும் உடைத்தேன். உன் மனைவி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"வந்தாரா? அண்ணே, வந்தாரா?"

"நிக்கிறான்மா. குழாயோட நிக்கிறான்."

என் மகள் குழாயை வாங்கிச் சன்னலைப் பார்த்தாள். பிறகு என் காதோரம் குனிந்தாள்.

"அப்பா, அன்னைக்குப் படிக்காம விட்ட பாதியில இருக்கு, இது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்காது. முன்னால நிக்கிறவங்களைத்தான் திருப்பிக் காட்டும். அதுல நின்னது நீங்கதான்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் உன் மனைவிக்குக் கேட்டுவிட்டது. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மாட்டைப் பன்றியாக்கியவன், உன் வீட்டு வாசலில் என்னையே நீயாக்கிவிட்டேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

நேரமாகிவிட்டது, கதவைத் திறங்கள் என்றார்கள். உன் மனைவி குழாயை மறுபடியும் என் கையில் திணித்தாள். "இப்பக் கண்ணாடி இல்ல. பாருங்க."

யாரும் உள்ளே கால் வைப்பதற்கு முன் பார்த்தேன். விளக்குச் சுடர் பளீரென்று இருந்தது. சோறு வெளுத்த மேடாகத் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை. ஆனால் நாற்காலியின் இருக்கையில் ஒரு வெளுப்பு இருந்தது.

ஒட்டுக்கடையில் ஆட்கள் எழுந்து போன நாற்காலிகளைக் குழாயில் பார்த்து நாம் சிரித்தது ஞாபகமிருக்கிறதா? உட்கார்ந்தவனின் சூடு கொஞ்ச நேரம் பிளாஸ்டிக்கிலேயே தங்கியிருக்கும். "ஆளு போயிட்டான், குண்டி இன்னும் போகல" என்பாய். அதே மாதிரி வெளுப்பு. பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. அவசர அவசரமாகக் குழாயை உன் மனைவியின் கண்ணில் வைத்தேன். பிடிக்கத் தெரியாமல் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, ஒரு வழியாகப் பார்த்தாள்.

"ஒன்னும் இல்லியே. நாக்காலி கறுப்பாதான இருக்கு."

"இப்பதாம்மா எந்திரிச்சிப் போனான்" என்றேன். "உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்கான்."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உன் இலையிலிருந்த சோற்றைப் பிசைந்தாள். யாரும் தடுக்கவில்லை. முதல் வாய் இறங்கியதும் சொன்னாள்: "உப்பே இல்ல. ஒன்னும் சொல்லாம சாப்பிட்டுப் போயிருக்காரு பாருங்க."

கிளம்பும்போது குழாயை என்னிடமே கொடுத்துவிட்டாள். இப்போதும் சில சாயங்காலங்களில் கால்வாய்க் கரைக்குப் போகிறேன். பன்றிகளைச் சும்மா பார்க்கிறேன். எழுந்து வரும் முன் அந்தச் செம்பனை அடியை ஒரு தடவை பார்க்காமல் வருவதில்லை. மண் கறுப்பு, மரம் கறுப்பு. மனசுக்கு நிம்மதியாக இருக்கும். வேனில் ஏறும்போது அதே மனசு ஏமாந்துபோய்க் கிடக்கும்.

அந்த வெளுப்பைப் பற்றி என் மகளிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் காரணம் சொல்வாள்: விளக்கின் சூடு, சாயங்கால வெயில், நாற்காலியை இழுத்துப் போட்டவர் கை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், படித்த பிள்ளை. உன் மனைவியும் ஒரு நாள் கேட்பாள், நிசமாவே பார்த்தீங்களாண்ணே என்று. பார்த்தேன் என்பேன். அது பொய் இல்லை. யாருடைய சூடு என்று மட்டும் அவள் கேட்காமல் இருக்க வேண்டும்.