திரயோதசிக்கு இடமில்லாத வெண்பா

30-8-1976
ஒன்பதாம் வகுப்பில் இன்று நேரசை, நிரையசை. பாதிப் பேர் தூக்கம்.
மாலையில் தறிக்கார ராஜவேலு வந்தான். அவன் அப்பா சடையப்பன் போன திங்கள் மதியம் தறியிலேயே சாய்ந்துவிட்டார். வருஷா வருஷம் தெவச நாள் மறக்காமலிருக்க திதி வெண்பா வேண்டுமாம், சட்டம் போட்டு மாட்ட. "நீங்க எழுதினா அதான் சார் எங்களுக்குப் பஞ்சாங்கம்." பெருமையாகத்தான் இருந்தது.

2-9-1976
திதி திரயோதசி. சீராக அலகிட்டால் புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது. சொல்லை இரண்டு சீராகப் பிளந்து போடலாம், ஆனால் அது கையாலாகாதவன் வேலை. அடுத்த திதி சதுர்த்தசி கருவிளம், கச்சிதமாக உட்காருகிறது.
'ஆவணித் தேய்பிறை நாளாஞ் சதுர்த்தசி'
என்ன ஓட்டம்! சடையப்பன் போன அன்று மாலையே சதுர்த்தசி பிறந்துவிட்டதே. ஒரு நாள் தள்ளினால் என்ன? தெவசம் கொடுக்காத கிறிஸ்தவனான எனக்கு இது பெரிதாகப் படவில்லை. கொடுத்துவிட்டேன்.

11-9-1977, ஞாயிறு
கோயிலில் ஆராதனையும் கமிட்டியும் முடிந்து வர மணி இரண்டு. வராந்தாவில் ஒரு வாழை இலை, மலையாகச் சோறு. மனைவி ரோஸி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளுத்து.
"உங்களைத் தேடி ஒரு பெரியவரு வந்தாருங்க. பசின்னாரு. மூணு தரம் சோறு போட்டேன். நல்லாத்தான் சாப்ட்டுக்கினு இருந்தாரு. மோர் எடுத்தார உள்ள போனேன், ஆளைக் காணோம். பாத்தா போட்ட சோறு அப்படியே கீது."
பேர் சொன்னாரா?
"இல்ல. ஏதோ பாட்டு முணுமுணுத்தாரு. 'ஆவணித் தேய்பிறை நாளாம்'னுவாரு, நிறுத்திக்குவாரு. திரும்ப மொதல்ல இருந்து."
அடையாளம் கேட்டேன். ஒரு காதில் மட்டும் கடுக்கன் என்றாள்.
பஞ்சாங்கம் பார்த்தேன். இன்று திரயோதசி.

12-9-1977
ராஜவேலு வீட்டில் தெவசம். போகாமலிருக்க முடியவில்லை. படத்தில் சடையப்பன். ஒரு காதில் மட்டும் கடுக்கன்.
கூரை மேல் வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. அவர் சம்சாரம் அம்மணி என்னிடம் வந்து சொன்னார்: "நேத்து உச்சி வெயில்ல ஆளில்லாத தறி தானா ஓடிச்சுங்க, சார். தெவசத்துக்கு மொத நாளுன்னு வூட்ல அடுப்புகூட மூட்டல. இன்னா குறை வெச்சோம்னு தெரியல."
நான் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன். சீ, நானும் ஒரு மனுஷன்.

13-9-1977
ரோஸி இனிமேல் மதியத்தில் வாசற்கதவைத் தாழ் போடுவாளாம்.

2-10-1977
தூக்கம் போயிற்று. வேதாகமம் படித்தாலும் அந்த அடி நாளாம், நாளாம் என்று நிற்கிறது. சொன்னால் ஊரில் என் பேர்? சொல்லாவிட்டால்? அடுத்த வருஷமும் அந்த மனுஷன் எங்கே போய் உட்காருவார்?

3-10-1977
சொல்லிவிட்டேன்.
ராஜவேலு தறியை நிறுத்திவிட்டுப் பாவு நூலைப் பிடித்துக்கொண்டான். அப்புறம், "உங்க பாட்டு நல்லா வரணும்னு எங்கப்பனைப் பட்டினி போட்டீங்களா, சார்?" என்றான்.
அம்மணிதான், "மாத்தி எழுதிக் குடுங்க" என்றார்.
அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'நாளாந் திரயோதசி.' பிளக்கவில்லை. முழுசாக வைத்தேன்.

31-8-1978
லீவு போட்டுவிட்டு ராஜவேலு வீட்டுக்குப் போனேன். திரயோதசி. சோறு வைத்துக் கை எடுப்பதற்குள் காக்கை வந்தது. அம்மணி அழுதார்.
பந்தியில் வந்தவாசித் தமிழாசிரியர் ஒருவர், அவர்களுக்கு உறவாம். சட்டத்தில் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். "வெண்பாவுல கனிச்சீரு. அரிச்சுவடி தெரியாத எவனோ எழுதியிருக்கான்."
ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான்.
"நான்தான் எழுதினேன்" என்றேன்.