வதனியின் மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றிய கார் ஒயில்

ஆனி 12, வெள்ளி

முந்தநாள் மகள் வதனியின் மோட்டார்சைக்கிளுக்கு நானே எஞ்சின் ஒயில் வாங்கி ஊற்றினேன். "ஆச்சி, இது காருக்கு விடுறது" என்று கடைக்காரர் மறித்தார். "காருக்கு நல்லதெண்டால் இதுக்கு இன்னும் திறம். தாரும்" என்றேன்.

பிறகு கிளச் வழுக்கத் தொடங்கியது. இன்று சுன்னாகத்துக் கராஜில், வதனியும் நிற்க, நாலு பேருக்கு முன்னால், போன கிழமை புதுக் கிளச் பூட்டிய மெக்கானிக்கைக் கள்ளன் என்று ஏசினேன். அவர் என் பையில் கிடந்த மிச்ச ஒயில் போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இது கார் ஒயில். மோட்டார்சைக்கிள்ல கிளச்சும் எஞ்சின் ஒயிலுக்குள்ளதான் கிடக்கு, இதாலதான் வழுக்குது. கடைக்காரர் மாத்தித் தந்திட்டார் போல, என்னம்மா?" என்றார், என்னைப் பாராமலே.

நான் "ஓம்" என்றேன்.

"நாளைக்கு அவனுக்கு இருக்கு. அம்மாவையே ஏமாத்திறானோ?" என்று வதனி கொதித்தாள். நான் போத்தலை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

அவளுடைய அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. கடைக்காரர் மறித்ததைச் சொல்ல எழுந்து போகிறேன்.