மாரெனுக்காக லைலாக்கை இன்றே வெட்டு

ஆர்லோ,

நம் மகள் மாரென் காலையில் போன் செய்தாள். கல்யாணம் அடுத்த மே மாதமாம். "லைலாக் பூ வாசனையில நின்னுதான் மோதிரம் மாத்துவேன், நம்ம தோட்டத்துல" என்கிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளோடு துணி பார்க்கப் போகிறேன். கோழி சூப் அடுப்பில் இருக்கிறது.

போன அக்டோபரில் லைலாக் செடிகளுக்கு ஒட்டக் கிராப் வெட்டிவிட்டு, "முடி மாதிரிதான் நெட்டி, வளந்துரும்" என்றாய். நாற்பது வருடம் சலூன் வைத்திருந்தவன் வேறென்ன சொல்வாய்? முடி வேரிலிருந்து வளர்கிறது. லைலாக்கோ கிளை நுனியில் பூக்கிறது. இந்த வருடப் பூ வாடியதுமே, அடுத்த வருட மொட்டைக் கோடையிலேயே நுனியில் கட்டி வைத்துவிடும். நீ வெட்டிப் போட்டது இந்த மே மாதத்துப் பூவை. உன் கை எட்டாத உச்சியில் மட்டும் ஏழு கொத்து பிழைத்தது.

ஆகவே வெட்ட ஏற்ற சமயம் இந்த வாரம்தான். ஏணி வைத்து, அந்த ஏழு வாடிய கொத்துகளை மட்டும், முதல் ஜோடி இலைக்கு மேலே நறுக்கு. பிறகு மணிக்கட்டை விடப் பருத்த கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒன்றை ரம்பத்தால் தரையோடு அறுத்துவிடு. உள்ளே வெயில் இறங்கும். மற்ற நுனிகளைத் தொடாதே. எனக்குக் கை நடுங்குகிறது, உனக்கு இல்லை. நீதான் செய்ய வேண்டும்.

நெட்டி

மறந்துவிட்டேன்: செடி வெட்டும் கத்தரி, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நீ மேலும் வெட்டிவிடக் கூடாதென்று அக்டோபரில் நான்தான் ஒளித்தேன். "பக்கத்து வீட்டு ஹாலிஸ் கத்தரிய வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரல" என்று தெரு முழுக்கச் சொன்னாயே, அந்த மனிதரைக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக அழைத்துவிடு.