கழுவக் கூடாத வண்டி

அன்புள்ள என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் வேலையும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள், முதல் இரண்டும் நன்றாகவும் மூன்றாவது இருந்த இடம் தெரியாமலும் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே நான் நலம், உன் அப்பா நலம், சின்னவள் நலம், நம் வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பழைய பைக்கும் நலம். ஆமாம், வண்டி வாங்கியாகிவிட்டது, இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம், நானும் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவருக்கு முகம் வாடிவிடும். அதனால் அவர் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னவள் வேலை பார்த்த கிளினிக்கை மூடிய பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிப்பது என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரியும், அவள் வாய் திறந்தால் மூடமாட்டாள். ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒன்பது கதை சொல்லுவாள், உன் அப்பா சாப்பாடு ஆறிப்போகும் வாயை மூடு என்று அதட்டாத நாளே கிடையாது. இந்த ஒரு வருஷமாக அந்த அதட்டலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. வருவாள், தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள், கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். இந்த நிலையில்தான் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும், சொந்த வண்டி இருக்க வேண்டும், திங்கட்கிழமை வண்டியோடு வாங்க, இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குறோம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருந்ததோ ஒரே ஒரு வாரம். அவளுக்கோ கியர் வண்டிதான் ஓட்ட வரும், எல்லாம் நீ மைதானத்தில் கற்றுக்கொடுத்த புண்ணியம். உன்னிடம் கொஞ்சம் பணம் கேட்கலாமே என்று வாய் தவறிச் சொன்னேன், அக்கா தலையில எதையும் ஏத்தாதீங்கம்மா, இருக்குறதுக்குள்ள பாப்போம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று சொல்வது சுலபம், கடைத்தெருவில் இறங்கிப் பார்த்தால்தான் நம் விரல் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. யானை விலை குதிரை விலை சொல்கிறார்கள். எங்களோடு துணைக்கு வந்தது நட்டு மாமா, நினைவிருக்கிறதா, உன் அப்பாவோடு பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தாரே, சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு கிலுகிலுவென்று ஆடுமே, அவரேதான். முதலில் ஒரு விற்பனைக் கொட்டகையில் ஒரு நீல வண்டியைக் காட்டினார்கள். புது சீட், புது ஸ்டிக்கர், கண்ணாடி மாதிரி டேங்க், உன் அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கடைக்காரர் ஒரே உதையில் கிளப்பிக் காட்டி, காலையிலேர்ந்து தொடவே இல்லைங்க, பாத்தீங்களா எப்படி எடுக்குதுன்னு என்றார். இஸ்திரிப் பெட்டியோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவள் நான், எதையும் தொடும் முன்பு புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் கையை விட்டுப் போகுமா. இன்ஜின் பக்கம் நின்றபோது கை தானாகப் போயிற்று, அனல் அடித்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார், ஆறிக் கிடந்தால் எடுக்காது போலிருக்கிறது. தம்பி, தொடாத வண்டிக்குக் காய்ச்சலா என்று மட்டும் கேட்டேன். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், அதைப் பார்த்ததிலேயே எனக்கு அன்றைய அலைச்சல் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு பார்த்தோம், ஒன்றில் கால் தரையை எட்டவில்லை, ஒன்றில் ஹேண்டில் ஒரு பக்கமாகவே இழுத்தது, விழுந்து எழுந்த வண்டி என்று நட்டு மாமா தூரத்தில் இருந்தே தலையை ஆட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமைதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நம் தெருக்கோடி பேக்கரிக்காரர் ரொட்டி போட்டுவர மூன்று சக்கர வண்டி எடுக்கப்போகிறார், பழைய பைக்கைக் கொடுத்துவிடப்போகிறார் என்று காதில் விழுந்தது. போய்ப் பார்த்தோம். அந்த வண்டியின் நிறம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. வருஷக்கணக்காக எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் மைதா மாவு, அதன் மேல் தெருப் புழுதி, இப்படி அடுக்கடுக்காக ஏறி அதுவே ஒரு பேக்கரிச் சரக்கு மாதிரி இருந்தது. ஆனால் சின்னவள் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு காலும் தரையில் அழகாகப் பதிந்தது, விலையும் நமக்கு எட்டுகிற விலை. எங்கேயோ கொஞ்சம் எண்ணெய் கசியுது, உங்க மெக்கானிக்கைக் காலைல பாக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் வண்டி உங்க வீட்லயே நிக்கட்டும் என்று அவரே பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார்.

இங்கேதான் உன் அப்பா வருகிறார். காலமெல்லாம் பணிமனையில் பஸ் கழுவிய மனிதர், அழுக்கு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றால் அவருக்கு உள்ளங்கை ஊறாதா. நான் சமையலறையில் இருந்தேன், சின்னவள் கடைக்குப் போயிருந்தாள், வெளியே வந்து பார்த்தால் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட், சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், என் பழைய பல்துலக்கும் பிரஷ் எல்லாவற்றோடும் உட்கார்ந்துவிட்டார். நம்ம வண்டியாகப் போகுது, இப்படியா நிக்கிறது என்றார். இன்னும் நம் வண்டி ஆகவில்லையே என்று சொன்னேன், காதில் வாங்கினால்தானே. இருட்டுவதற்குள் அடியில் இருந்து செக்கச்செவேலென்று ஒரு வண்டி வெளியே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் புதிதா என்று கேட்டார், உன் அப்பா இல்லை என்று சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலை நட்டு மாமா வந்தார். வண்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணே, எண்ணெய் எங்கேர்ந்து கசியுதுன்னு அந்த அழுக்கைப் பாத்துத்தானே நான் சொல்லணும், சாட்சியையே சோப்புப் போட்டுக் கழுவிட்டீங்களே என்றார். சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று உதைத்தால், உதைக்க உதைக்க வண்டி மூச்சே விடவில்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். நேத்து ஓடுன வண்டிங்க இது என்று அவர் சொன்னது எனக்கு ஊசியால் குத்தினது போல இருந்தது. நட்டு மாமா பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, வெயிலில் வைத்து ஒருவழியாகக் கிளப்பிக் கொடுத்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அந்தம்மா வண்டியைச் சுற்றி வந்து, ஏங்க, நம்ம வண்டி செவப்பா, இவ்ளோ நல்லா இருக்குறதை எதுக்கு விக்கணும், வீட்லயே வச்சுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் தர்மசங்கடமாகச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை. உன் அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, வாசலில் ஈரம் காய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சும்மா இருந்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். மறுநாள் ஒருநாள் விட்டால் திங்கட்கிழமை, அதற்குள் எந்தக் கடையில் போய் எந்த வண்டியைப் பார்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டிச் சத்தம். பேக்கரிக்காரர் ரொட்டி போட்டு முடித்த கையோடு அதே பைக்கில் வந்து நிற்கிறார், பின்னால் அவர் மனைவி. ஒரே நாளில் வண்டி மறுபடி புழுதியும் பிசுக்குமாக இருக்கிறது. அவர் இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்தம்மா அவர் முதுகில் ஒரு குத்துக் குத்தி, சொல்லுங்க என்றாள். விஷயம் என்னவென்றால், வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள், வேறு வழியில்லாமல் இவர் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். மூணாவது கியர் அப்பப்ப நழுவிடும், மேடு ஏறும்போது திடீர்னு இழுவை போயிடும், அதனாலதான் தள்ளிவிடப் பாத்தேன் என்று. அதைக் கேட்டதும் அந்தம்மாவுக்கு வந்ததே கோபம். நோயாளி வீட்டுக்குப் போற பொண்ணுகிட்ட இதைச் சொல்லாமயா குடுக்க இருந்தீங்க, அந்த மனுஷன் வாங்குறதுக்கு முன்னாடியே பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்காரு, நமக்கு வெக்கமா இல்லையா என்று இராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லையாம். அவர் அதை எங்களிடம் அப்படியே ஒப்பித்தார், விலையையும் அவராகவே குறைத்தார். நட்டு மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். சாட்சியைத்தான் அண்ணன் கழுவிட்டாரு, ஆனா குத்தவாளி தானா வந்து ஒத்துக்கிட்டாரே என்று அவர் சொன்னதும் பேக்கரிக்காரரே சிரித்துவிட்டார். வண்டியில் ஒருநாள் அழுக்கு சேர்ந்திருந்ததால் கசிவும் உடனே தெரிந்துவிட்டது, மேல் மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்தான் போயிருந்தது, சின்ன வேலை. கியருக்கு வேண்டிய பாகம் நட்டு மாமாவின் பட்டறையிலேயே பழையது ஒன்று கிடந்தது. உன் அப்பா பக்கத்தில் இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் சின்னவள் மேட்டுத் தெருவில் மூன்றாவது கியரிலேயே ஏறி இறங்கி வந்துவிட்டாள்.

ஆனால் நட்டு மாமா ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் போனார். புது கேஸ்கெட் போட்டிருக்கேன், மறுபடி கசியுதான்னு நான் பாக்கணும், ஒரு வாரத்துக்கு வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது, அண்ணி, பக்கெட்டை ஒளிச்சு வையுங்க என்று. வைத்துவிட்டேன், எங்கே என்று எழுதமாட்டேன், உன் அப்பா இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தாலும் படிப்பார்.

நேற்று திங்கட்கிழமை சின்னவள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி முட்டளவு சேற்றில் இறங்கி எழுந்தது போல இருந்தது, அந்தப் பக்கம் நல்ல மழையாம். உன் அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பாவமாக இருந்தது, நான் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான் சிரித்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு பெரியவர் ஊசியைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது, இன்னொரு வீட்டில் நாய் இவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, நாலு மாடி ஏறிப்போய்த் தவறான வீட்டுக் கதவைத் தட்டியது, ஒன்று முடியும் முன்னால் இன்னொன்று, கை சாப்பாட்டில் இருக்கிறது, வாய்க்குப் போகவில்லை, நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் அப்பா, சாப்பாடு ஆறிப்போகுது, வாயை மூடு என்று ஒரு அதட்டல் போட்டார். போட்டுவிட்டு அவரே திடுக்கிட்டாற்போல என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். அவள் கவனிக்கவே இல்லை, நாய்க் கதையை முதலில் இருந்து ஆரம்பித்துவிட்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார், மழையில் பஸ்ஸுக்கு ஓடாதே, ஒரு பஸ் போனால் அடுத்தது வரும். நல்ல உடம்பும் நல்ல மனதும் நாலு பேர் துணையுமாக நீ நிறைந்து இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் வண்டியைக் கழுவினீர்களா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதே. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு, அந்த அதட்டலை நீயும் கேட்கலாம்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா