அந்தப் படத்தை அழிக்காதே

பாப்பா,

எழுந்ததும் முதலில் இதைப் படி. அம்மாவின் மொட்டைத் தலைப் படத்தை ஃபேஸ்புக்கில் புற்றுநோய்க்காரர்கள் குழுவில் நீ போட்டதற்கு நேற்று கத்தினேனே, காலையில் அழித்துவிடு என்றேனே, அழிக்காதே.

விடிந்ததும் நானே அழிக்கலாம் என்று அம்மா போனை எடுத்தேன். படத்துக்குக் கீழே எத்தனையோ பெண்கள் தங்கள் மொட்டைத் தலைப் படத்தைப் போட்டு எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தால், அதில் உன் அத்தை. என் தங்கச்சி. "அண்ணி, எனக்கும்தான். ஆறு மாசமாச்சு. நீங்களே படுத்திருக்கீங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று எழுதியிருக்கிறாள். அண்ணியை எட்டிப் பார்க்காதவள் இனி நம் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னவன் நான்.

பதிலுக்கு என்னத்தையோ அமுக்கப் போய்ச் சிரிக்கிற மூஞ்சி விழுந்துவிட்டது. அதுவும் அம்மா பெயரில். எடுக்கத் தெரியவில்லை. அத்தை பார்ப்பதற்குள் எடுத்துவிடு. போன் இந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அடுப்பில் கஞ்சி இருக்கிறது. குடித்த பிறகுதான் அம்மாவுக்கு மாத்திரை. சாவி ஜன்னலில். மேஸ்திரி வந்து கேட்டால் இன்று மூட்டை தூக்க ஆள் இல்லை என்று சொல். நான் அத்தை வீட்டுக்குப் போகிறேன்.

அப்பா

இன்னொன்று. என் குரல் கேட்டால் அவள் கதவைத் திறக்கமாட்டாள். அண்ணன் அழுதுகிட்டே வர்றான், திறந்துடு என்று நீ எழுதிவிடு. நான் போனில் எழுத்தைத் தேடி எழுத உட்கார்ந்தால் பஸ் போய்விடும்.